ஒன்பது மீற்றர் நாற்பது

குளியலறைக் கதவிலிருந்து வாசல் கதவு வரை
நாடாவைப் பிடித்தால்
ஒன்பது மீற்றர் நாற்பது.
போட்டித் தூரம் பத்து.
வாசலைத் திறந்துவிட்டால் பத்து வரும்,
ஆனால் அங்கே மான் நிற்கும்.
உவர்மலையில் மானுக்கு நேரகாலமில்லை,
வாழைப்பழத் தோல் விழுந்த சத்தத்துக்கு
வந்துவிடும்.

காணிப் பதிவகத்தில் நாள் முழுக்க
மற்றவர்களின் எல்லைகளை வாசிக்கிறவள் நான்:
வடக்கே வேலி, கிழக்கே ஒழுங்கை.
பேராதனையில் படித்த காலத்தில்
பல்கலைக்கழக அணிக்குச் சுட்டவள்.
அதை இங்கே சொன்னால்
முதலில் தங்கள் குரலைத் தாழ்த்துவார்கள்,
பிறகுதான் கேட்பார்கள்
"எதைச் சுட்டனீங்கள்?"
கடதாசியை.
கடதாசியை மட்டும்தான்.

பழைய அணித்தோழி இனோகா
குருநாகலிலிருந்து மூன்று படம் அனுப்பியிருந்தாள்.

முதலாவது சுருள்வில். மலிவு.
குழலை மடித்து இழுக்க வேண்டும்,
சுட்டதும் உள்ளுக்குள் ஒரு குலுக்கல்.
தவறினால்
பிழை என்னுடையதா அதனுடையதா தெரியாது.

இரண்டாவது வாயுக் குப்பி,
சோடாவுக்குள் அடைக்கிற அதே வாயு.
கைப்பிடி எனக்கென்றே கடைந்தது போல.
ஆனால் வைகாசி வெக்கையில் குப்பி சூடேறினால்
காலையில் நடுவில் பட்டது
மத்தியானம் மேலே ஏறும்.

மூன்றாவது அடைத்த காற்று.
விலையைப் பார்த்துப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.
சீட்டை இப்போதே எடுத்தாலும் காணாது.
பிறகு, காற்றுக்கு எங்கே போவது?
உப்புவெளியில் சுழியோடிகளுக்குக் கடை வைத்திருக்கிற
ஜெகரூபன் சொன்னான்:
"என்னட்டக் கொண்டாங்கோ அக்கா,
புறாத்தீவில ஆக்களை இறக்கிற காத்துத்தானே."
மீன் பார்க்கப் போகிறவர்கள்
தண்ணீருக்கடியில் இழுத்து விடுகிற மூச்சு.
இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு
உறுதிகளுக்கு முத்திரை குத்தினேன்.

ஞாயிறு.
வாகீசன் குசினியில் பாரை வெட்டிக்கொண்டிருந்தார்.
ஒன்றும் சொல்லாமல் போனை மேசையில் வைத்து
இனோகாவின் ஒலிப்பதிவுகளைப் போட்டேன்.

முதலாவதுக்குக் கத்தி நின்றது.
இரண்டாவதுக்குக் கத்தி நிற்கவில்லை,
தோள் மட்டும் காதுவரை போய்த்
திரும்பி வந்தது.
மூன்றாவது, யாரோ கடித உறையைக் கிழித்தது போல்.
அவர் செதிலை அலசினார்.
இன்னொருமுறை போட்டேன்.
"என்னப்பா அது, சைக்கிளுக்குக் காத்துப் போகுதோ?"

கல்யாணமாகிப் பதினொரு வருடம்.
தீபாவளிதோறும் விடியமுன்
கிண்ணியாவுக்குப் போய்விடுவார், றமீஸ் வீட்டுக்கு.
அங்கே அன்றைக்கு வெடியில்லை.
ஏன் என்று நான் கேட்டதில்லை.
அவரும் சொன்னதில்லை.

போனைக் காட்டினேன்.
தேசிக்காய்ப் பாதியால் கையைத் தேய்த்துக்கொண்டு
நெடுநேரம் பார்த்தார்.
"ஒரு நாளைக்கு எத்தினை?"
"அறுபது."
"எங்க போய் விழும்?"
"இரும்புத் தட்டு வச்ச பெட்டிக்குள்ள. முன்னால சாக்கு."
"இடையில ஆரும் வந்தால்?"
"அறைக் கதவு ரெண்டுக்கும் கொண்டி போட்டுத்தான்."

அனுமதிப் படிவம் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே.
காரணம் என்ற கட்டம் தீப்பெட்டியளவு.
மூன்று தரம் எழுதி அழித்ததில்
கடதாசி அந்த இடத்தில் மெலிந்துவிட்டது.
கிராம அலுவலர் என்ன நினைப்பாரோ,
பொலிசில் எத்தனை தரம் வாசிப்பார்களோ.

"நீளம் காணுமோ?" என்றார்.
"அறுபது சென்ரிமீற்றர் குறையுது."

நாடாவின் நுனியை என் கையிலிருந்து வாங்கினார்.
குளியலறைக் கதவைத் தள்ளி
உள்ளே போனார், வாளியை நகர்த்தும் சத்தம்.
பின்சுவர் ஓட்டில் நுனியை அழுத்திக்கொண்டு
"இப்பப் பார்" என்றார்.

பதினொன்றுக்கு நாலு விரல் குறைவு.

"காணும்" என்றேன்.
கொஞ்ச நேரம் பதிலில்லை.
பிறகு ஓடுகளில் மோதி எதிரொலித்து வந்தது குரல்:
"அப்ப நான் எப்ப குளிக்கிறது?"